ஆலைச் சிறுவரும் பார்லிமெண்டுக் கமிட்டியும்

சட்டம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் பலருக்குப் போலீசும் கோர்ட்டும் சிறைச்சாலையுமே நினைவிற்கு வருகின்றன. சட்டத்தை மீறினால் என்ன தண்டனை என்று கேட்போர் பலர். அச்சட்டம் எங்கே, யாரால், எவருடைய பேச்சைக் கேட்டு இயற்றப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலரே. உழைப்பவனுடைய வேலை நேரத்தையும், அவன் பிள்ளையின் படிப்பையும், அவன் மனைவியின் உரிமையையும் நிர்ணயிப்பது சட்டமே. ஆதலின் சட்டம் பிறக்கும் இடத்தை அறிந்துகொள்வது வக்கீல்களுக்கு மட்டும் உரிய காரியமன்று. உழைத்து உண்ணும் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையாகும்.

பார்லிமெண்டு என்றதும் பெரிய மண்டபமும், எதிரெதிரான ஆசனங்களும், அனல் பறக்கும் சொற்போரும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் சட்டத்திற்கு அங்கமும் உருவமும் அமைவது பெரும்பாலும் அம்மண்டபத்தில் அன்று. அதை அடுத்துள்ள ஒரு சிறு அறையிலேயே ஆம். அதற்குக் கமிட்டி அறை என்று பெயர். அங்கே கரகோஷம் இல்லை. அலங்காரப் பிரசங்கமும் இல்லை. ஒரு மேஜை, சில அங்கத்தினர், ஒரு சாட்சி, கேட்டதையும் சொன்னதையும் குறித்துக்கொள்ளும் ஒரு சுருக்கெழுத்தாளர், இவ்வளவே உண்டு. அத்தகைய ஓர் அறையில், 1832-ஆம் வருஷம், லண்டன் மாநகரில் நடந்த விசாரணையின் வரலாற்றையே இங்கே எழுதப் புகுந்தோம். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழங்கதையாயினும், கூலிக்கு உழைப்போர் எந்நாட்டில் இருப்பினும் அவர்க்கு அது அந்நியக் கதையன்று.

மசோதா நடக்கும் பாதை

முதலில் முறையை அறிதல் நலம். இங்கிலாந்துப் பார்லிமெண்டில் ஒரு மசோதா சட்டமாவதற்குமுன் ஒவ்வொரு சபையிலும் சில படிகளைக் கடத்தல் வேண்டும். முதல் வாசிப்பில் மசோதாவின் பெயர் படிக்கப்பட்டு, அதனை அச்சிட உத்தரவாகும். இரண்டாம் வாசிப்பில், இத்தகைய சட்டம் வேண்டுமா வேண்டாவா என்னும் அடிப்படைத் தத்துவம் விவாதிக்கப்படும். தத்துவம் ஒப்புக்கொள்ளப்பட்டால் மசோதா கமிட்டிக்குச் செல்லும். அங்கேதான் ஷரத்து ஷரத்தாகவும் சொல் சொல்லாகவும் ஆராய்ச்சி நடைபெறும். பின்னர்க் கமிட்டியின் அறிக்கை சபைக்கு வரும். மூன்றாம் வாசிப்பு நிகழும். மற்றைச் சபையிலும் இவ்வாறே நடக்கும். முடிவில் அரசரின் அனுமதி பெற்றுச் சட்டமாகும்.

இரண்டாம் வாசிப்பு, அறுத்த நெல்லைக் களத்தில் குவிப்பது போன்றது. கமிட்டியோ அதனை முறத்திலிட்டுப் புடைப்பது போன்றது. புடைக்காத நெல்லில் பதரும் கல்லும் கலந்திருத்தல் போல, கமிட்டியில் ஆராயப்படாத மசோதாவிலும் வீண் சொற்களும், ஏழையின் காலைக் குத்தும் முட்களும் மறைந்திருக்கக் கூடும்.

கமிட்டியிலும் இருவகை உண்டு. சபை முழுவதுமே கமிட்டியாக மாறி அமர்ந்து ஆராய்வது ஒன்று. சில அங்கத்தினரை மட்டும் தெரிந்தெடுத்து, தனியறையில் விசாரிக்க விடுவது மற்றொன்று; இதனையே செலெக்ட் கமிட்டி என்பர். செலெக்ட் கமிட்டிக்குச் சபை ஓர் அதிகாரத்தை அளிக்கலாம். ஆட்களை வரவழைத்தல், தஸ்தாவேஜுகளைக் கொண்டுவரச் செய்தல், சாட்சிகளைக் கேள்வி கேட்டல் ஆகியவையே அவ்வதிகாரம். கேள்விகளுக்கு எண்ணிட்டுச் சாட்சியம் அச்சிடப்படும். கமிட்டி தானே சட்டம் செய்வதில்லை. கண்டதைச் சபைக்குச் சொல்வதே அதன் வேலை. ஆயினும் அச்சான சாட்சியம் நாட்டு மக்கள் கைக்கு வந்துவிடுமாயின், சபை அதனை அலட்சியம் செய்வது எளிதன்று. இதுவே அச்சிறு அறையின் பெரிய பலம்.

பயனற்ற பழைய சட்டங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பஞ்சாலைகள் பெருகின. நூற்கும் இயந்திரத்திற்கு வலுவுள்ள கையைவிடச் சிறிய கையே வசதியாயிருந்தது. அறுந்த நூலை முடிவதற்கும், நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றி வெறுங்கட்டைகளை மாட்டுவதற்கும் குழந்தைகளை வேலைக்கு அமர்த்தினர். குழந்தைக்குக் கூலி குறைவு. எதிர்த்துப் பேசும் வாயும் அதற்கு இல்லை.

1802-இல், தாமே பஞ்சாலை முதலாளியாயிருந்த ஸர் ராபர்ட் பீல் என்பவர் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். தர்மப் பண்டகசாலைகளிலிருந்து ஆலைக்கு அனுப்பப்பட்ட பயிற்சிப் பிள்ளைகளின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 12 மணியாக அது வரையறுத்தது. மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவ்வவ்வூர்க் கனவான்களிடம் விடப்பட்டதால், சட்டம் ஏட்டளவில் நின்றது. மறுபடியும் 1816-இல் ஒரு கமிட்டி விசாரித்தது; 1818, 1819-இல் பிரபுக்கள் சபையின் கமிட்டிகள் விசாரித்தன. 1819-இல் பிறந்த சட்டம், பருத்தி ஆலைகளில் மட்டும் 9 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தல் ஆகாது என்றும், 9 முதல் 16 வயது வரையுள்ளோர் 12 மணி நேரத்திற்குமேல் உழைத்தல் ஆகாது என்றும் கூறிற்று. கம்பளி ஆலைக்கும் சணல் நூல் ஆலைக்கும் அது பொருந்தாது. அதனை நடத்திவைக்க ஓர் இன்ஸ்பெக்டரும் இல்லை.

கமிட்டி என்பது உண்மையைக் கண்டறியவும் பயன்படும்; உண்மையைப் புதைக்கவும் பயன்படும் என்பதற்கு அக்காலத்திலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. 1818-இல் பிரபுக்கள் சபைக் கமிட்டியின் முன் மான்செஸ்டர் வைத்தியர் ஒருவர் சாட்சியாக வந்தார். ஒரு குழந்தையை 24 மணி நேரத்தில் 23 மணி நேரம் நிறுத்தி வைத்தால் தேகத்திற்குக் கேடு உண்டா என்று அவரைக் கேட்டனர். அப்படி நின்றும் கேடு வராததாகத் தெரிந்தால், அது சுகத்திற்கு விரோதமன்று என்றே தாம் சொல்லக் கூடும் என்னும் கருத்துப்பட அவர் விடை பகர்ந்தார். கற்ற வித்தையைக் கூலிக்கு விற்றவன் பேச்சு எவ்வாறிருக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஓஸ்ட்லரும் ஸாட்லரும்

1830-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ‘லீட்ஸ் மெர்க்குரி’ என்னும் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் ரிச்சர்டு ஓஸ்ட்லர். ஒரு பெரிய நிலக்கிழாரின் மானேஜர். தலைப்பு, யார்க்ஷயர் அடிமைத்தனம் என்பது. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் உழலும் நீக்ரோ அடிமைகளுக்காக இங்கிலாந்துத் தேவாலயங்களிற் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. அக்கண்ணீரை அவர் பழிக்கவில்லை; தாமும் அடிமை ஒழிப்பிற்கு உழைத்தவரே. ஆனால் அடிமை ஒழிப்புக் கூட்டம் நடக்கும் அதே ஊரில், அதே தெருவில், விடியுமுன் ஆலைக்கு இழுத்துச் செல்லப்படும் குழந்தைகளை யாரும் காணவில்லையே என்று கேட்டார். பிராட்போர்டு நகரத்து ஆலை முதலாளி ஜான் வுட் என்பவரே இக்கொடுமையை அவருக்கு எடுத்துக் கூறியவர் என்பது கவனித்தற்குரியது. முதலாளிகளிலும் மனிதர் உண்டு.

தூரத்தில் உள்ள துன்பத்திற்கு இரங்குதல் எளிது. நம் வாசலில் உள்ள துன்பத்திற்கு இரங்கினால் நம் பணப்பெட்டிக்கு நஷ்டம் வருமன்றோ?

ஓஸ்ட்லரின் குரலைப் பார்லிமெண்டிற்குக் கொண்டு சென்றவர் மைக்கேல் தாமஸ் ஸாட்லர். லீட்ஸ் நகரில் அயர்லாந்துத் துணி வியாபாரம் செய்தவர். பழமைக் கட்சியைச் சேர்ந்தவர். சீர்திருத்தம் பேசியோர் பலர் முதலாளிகளின் பக்கம் நிற்க, பழமைக் கட்சிக்காரர் ஒருவர் ஆலைக் குழந்தைகளின் பக்கம் நின்றார். கட்சிப் பெயரைக் கொண்டு மனிதனை அளத்தல் தவறென்பதற்கு இதுவும் ஒரு பாடமாம். 1831 டிசம்பரில் அவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 9 வயதுக்குட்பட்டோர்க்கு ஆலை வேலை கூடாது; 9 முதல் 18 வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 10 மணி நேரமே வேலை; 21 வயதுக்குட்பட்டோர்க்கு இரவு வேலை கூடாது. இவையே அதன் சாரம்.

1832 மார்ச்சு 16-இல் இரண்டாம் வாசிப்பு நடந்தது. ஸாட்லர் மூன்று மணி நேரம் பேசினார். மசோதாவை நேராக எதிர்க்கத் துணியாத மந்திரி சபை, அதனைச் செலெக்ட் கமிட்டியின் விசாரணைக்கு விடவேண்டும் என்றது. நேரே கொல்ல முடியாத மசோதாவைக் கமிட்டியில் உறங்கச் செய்வது அந்நாளைய வழக்கங்களுள் ஒன்று. ஆனால் இம்முறை கமிட்டியின் தலைமை ஸாட்லரிடமே வந்தது. அவர் உறங்கவில்லை, நாட்டையும் உறங்க விடவில்லை.

சாட்சிகள் சொன்னவை

அவ்வருஷம் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை, நாற்பதுக்கு மேற்பட்ட நாட்கள் கமிட்டி கூடிற்று. ஏறக்குறைய 90 பேர் சாட்சியம் அளித்தனர். அவருள் சுமார் பாதிப்பேர் ஆலைத் தொழிலாளர். கந்தையணிந்த ஆலைத் தொழிலாளி, சட்டம் செய்யும் கனவான்களின் எதிரே அமர்ந்து, தன் வாழ்க்கையைத் தன் வாயாலேயே சொன்னான். எழுதப் படிக்கத் தெரியாதவன் சொல்லும், கேள்வி எண்ணிட்டு, அச்சிலேறிற்று.

மாத்யூ கிராப்ட்ரீ என்னும் 22 வயது இளைஞன் வந்தான். எட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவன். வழக்கமாகக் காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை. வேலை மிகுந்த காலத்தில் காலை 5 முதல் இரவு 9 வரை. வீட்டிலிருந்து ஆலை சுமார் இரண்டு மைல். தானாக விழித்தெழுந்த நாள் மிக அரிது என்றும், தூக்கத்திலேயே பெற்றோர் படுக்கையிலிருந்து தூக்கி எழுப்புவர் என்றும், நேரம் தாழ்ந்தால் கடுமையாக அடிபட நேர்ந்தது என்றும் கூறினான்.

ஜோசப் ஹெபர்காம் என்னும் 17 வயதுச் சிறுவன் வந்தான். ஏழு வயதில் தொடங்கியவன். காலை 5 முதல் இரவு 8 வரை நின்றே செய்யும் வேலை. நடுப்பகலில் அரைமணி மட்டும் ஓய்வு. முழங்கால்கள் வளைந்து வலுவிழந்தன. சகோதரனும் சகோதரியும் இருபுறமும் தோள் கொடுத்து அவனை ஒரு மைல் தூரம் இழுத்துச் செல்வராம். ஐந்து நிமிஷம் பிந்தினால் மேஸ்திரியின் தோல்வார் காத்திருக்கும்.

ஸாமுவேல் கூல்சன் என்னும் தகப்பன் வந்தான். வேலை மும்முரமாயிருந்த ஆறு வாரங்கள், தன் பெண்மக்கள் விடியற்காலை 3 மணிக்கு ஆலைக்குச் சென்று, இரவு 10 அல்லது பத்தரை மணிக்கு விடப்பட்டனர் என்றான். 19 மணி நேர உழைப்பிற்கிடையே உண்ணக் கிடைத்தது காலையில் கால்மணி, பகலில் அரைமணி, மாலையில் கால்மணி. வழக்கமான வாரக் கூலி 3 ஷில்லிங். இக்கொடிய வாரங்களிற் கிடைத்ததோ 3 ஷில்லிங்கு ஏழரைப் பென்ஸ். மூத்தவளின் சுட்டுவிரலை இயந்திரத்தின் பற்சக்கரம் கவ்விச் சிதைத்தது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியிற் கிடந்தாள். அந்த ஐந்து வாரங்களுக்குக் கூலி கிடைத்ததா என்று கமிட்டி கேட்டது. விபத்து நேர்ந்தவுடனேயே கூலி அடியோடு நிறுத்தப்பட்டது என்றான் தகப்பன்.

நேயர்களே, இந்த ஒரு விடையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். விரல் போனதும் கூலி நின்றது! தோட்டத்திலும் துறைமுகத்திலும் ரெயில் பாதையிலும் உடல் உறுப்பை இழந்த பாட்டன்மாரைக் கண்ட நம்மவர்க்கு இதற்கு வியாக்கியானம் வேண்டுவதில்லை.

எலிஸபெத் பெண்ட்லி என்னும் 23 வயதுப் பெண்ணும் வந்தாள். ஆறாவது வயதில் சணல் நூல் ஆலையிற் சேர்ந்தவள். நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றும் வேலை. சற்றுத் தளர்ந்தால் தோல்வாரால் அடி. ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்னும் பேதம் அதில் இல்லை. பின்னர்த் தூசு நிறைந்த வேறோர் அறையில், பாரமான கூடைகளை இழுத்து இழுத்துத் தேகம் கோணிற்று. பதின்மூன்று வயதளவில் தொடங்கிய கூனல் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஆலைக்குப் பயன்படாத உடலாயிற்று. இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது, ஏழைகள் விடுதியில் என்றாள். ஆறு வயதில் வாங்கத் தொடங்கிய உழைப்பை 23 வயதிற்குள் உறிஞ்சித் தீர்த்து, எஞ்சிய சக்கையை ஊரார் தலையிற் கட்டிவிட்டது ஆலை.

அதன்பின் வைத்தியர்கள் வந்தனர். ஸர் சார்ல்ஸ் பெல், ஸர் வில்லியம் பிளிஸார்டு முதலிய லண்டன் நிபுணர்களும், லீட்ஸ் ஆஸ்பத்திரிச் சத்திர வைத்தியர் ஸாமுவேல் ஸ்மித்தும் சாட்சியம் அளித்தனர். வளரும் எலும்பு நீண்ட நேரம் நிற்பதைத் தாங்காது என்றும், தூக்கமும் திறந்த வெளியும் குழந்தைக்கு உணவைப்போல் அவசியம் என்றும் அவர்கள் உரைத்தனர். 1818-இல் ஒரு வைத்தியர் அறிந்தும் அறியாததுபோற் பேசிய விஷயத்தை, 1832-இல் இவர்கள் ஒளிவின்றிப் பேசினர்.

சாட்சி சொன்னதற்குக் கிடைத்த பரிசு

உண்மை பேசியவர்க்குக் கிடைத்த பரிசு யாது? ஊர் திரும்பியபோது சிலருக்கு ஆலைக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. கமிட்டியில் சாட்சி சொன்ன காரணத்திற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களைக் குறித்து ஸாட்லர் 1832 ஜூலை இறுதியில் காமன்ஸ் சபையில் முறையிட்டார். அவர்களுக்கு நஷ்டஈடு வேண்டும் என்றார். சபை அனுதாபப்பட்டது. அனுதாபம் அடுப்பில் ஏறிச் சோறாவதில்லையே!

பார்லிமெண்டு அழைத்தது, தொழிலாளி சென்றான், கேட்டதற்கு உண்மை கூறினான், பிழைப்பை இழந்தான். அழைத்த பார்லிமெண்டிற்கு அவனைக் காக்கும் சட்டம் அன்று இல்லை. கமிட்டி முறையின் மாபெருங் குறை இதுவே. பயமின்றிப் பேச முடியாத இடத்தில் எத்தனை நாள் விசாரித்தால் என்ன, எத்தனை பக்கம் அச்சிட்டால் என்ன? உண்மையை அறிந்தவன் வாய் திறக்கமாட்டான்; வாய் திறப்பவனுக்கு உண்மை தெரிந்திராது.

ஒருதலைப் பட்சமா?

ஆகஸ்டு 8-ஆம் தேதி கமிட்டி, தன் முடிவு எதையும் கூறாமல், எடுத்த சாட்சியங்களை அப்படியே சபைக்கு அளித்தது. இப்போது வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமற் கூறுதல் நம் கடமை. அதுவரை விசாரிக்கப்பட்ட சாட்சிகளிற் பெரும்பாலார் மசோதாவிற்குச் சாதகமானவர். முதலாளிகளின் சாட்சிகளை விசாரிக்கும் முறை வருமுன் பார்லிமெண்டின் கூட்டம் முடிந்தது. டிசம்பரில் பார்லிமெண்டே கலைக்கப்பட்டது. சீர்திருத்தச் சட்டத்தின்படி நடந்த புதுத் தேர்தலில் ஸாட்லர் லீட்ஸ் நகரில் நின்றார். அவரைத் தோற்கடித்தவர் இருவர்: ஒருவர் சணல் நூல் ஆலை முதலாளியின் மகனான ஜான் மார்ஷல், மற்றவர், பின்னாளில் இந்தியாவிற்கு வந்து ஆங்கிலக் கல்வித் திட்டத்திற்கும் தண்டனைச் சட்டத்திற்கும் பெயர்பெற்ற மெக்காலே. ஆலைத் தொழிலாளரிற் பெரும்பாலார்க்கு வோட்டு இல்லை. யாருக்காக அவர் பேசினாரோ அவர்களால் அவரைக் காக்க முடியவில்லை.

1833 ஜனவரியில் சாட்சியங்கள் பொதுமக்கள் கைக்குக் கிட்டியபோது நாடு திடுக்கிட்டது. முதலாளிகளோ, அறிக்கை ஒருதலைப் பட்சம் என்றனர். சாட்சிகள் சத்தியப் பிரமாணம் செய்யவில்லை என்றனர். பழங்காலத்துக் கொடுமைகளை இன்றைய கொடுமைகளாகக் காட்டினர் என்றனர். இவற்றிற் சில குற்றச்சாட்டுகள் முழுப் பொய்யல்ல. தொழிலாளரின் நண்பரான எங்கெல்ஸ் என்பவரே, பின்னர் 1845-இல் வெளியிட்ட நூலில், இவ்வறிக்கை கட்சிச் சார்புடையது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பிரமாணம் செய்விக்கும் பொது அதிகாரம் காமன்ஸ் சபைக் கமிட்டிகளுக்கு 1871-ஆம் வருஷத்துச் சட்டத்தால்தான் கிடைத்தது. இல்லாத அதிகாரத்தைச் செலுத்தவில்லை என்று குறை கூறுவது எந்த நியாயமோ அறியோம்.

மறு விசாரணை வேண்டுமென்று 1833 ஏப்ரல் 3-இல் சபையில் ஒரு தீர்மானம் வந்தது. சாதகமாக 74 வோட்டுகள், பாதகமாக 73. ஒரே வோட்டு வித்தியாசத்தில் அரச விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. தொழிலாளர் இதனைக் காலம் கடத்தும் சூழ்ச்சி என்று எதிர்த்தனர். எனினும் அக்கமிஷன் ஆலையூர்களுக்கே சென்று, பிரமாணத்தின் மேல் விசாரித்து, ஜூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. பெற்றோரும் மேஸ்திரிகளும் மீதும் ஓரளவு குற்றம் சாட்டிற்று. ஸாட்லரின் முறையைக் கண்டித்தது. ஆயினும் முக்கியமான விஷயத்தில் அதனால் மறுக்க முடியவில்லை. குழந்தைகள் பெரியோர் வேலை செய்யும் அத்தனை மணி நேரமும் வேலை செய்கின்றனர், அதனால் அவர்கள் தேகம் கெடுகிறது, கல்விக்கு வழியில்லை, தமக்காகத் தாமே பேரம் பேசும் சுதந்திரம் குழந்தைக்கு இல்லை. எதிரியின் தராசிலே நிறுத்தபோதும் எலிஸபெத் பெண்ட்லியின் சொல் எடை குறையவில்லை!

பிறந்த சட்டம்

1833 ஆகஸ்டு 29-இல் புதிய ஆலைச் சட்டம் அரசரின் அனுமதி பெற்றது. அதற்கு முந்திய நாள்தான் அடிமை ஒழிப்புச் சட்டம் அனுமதி பெற்றது. ஓஸ்ட்லர் ஒன்றாக இணைத்துப் பேசிய இரண்டு துன்பங்களுக்கும் அடுத்தடுத்த நாட்களிற் சட்டம் பிறந்தது. அடிமைகளை இழந்த கரும்புத் தோட்டங்களுக்காக 1834 முதல் மொரீஷியஸ் தீவிற்கு இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றத் தொடங்கினர் என்பதையும், அவருள் நம் தமிழரும் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. ஓரிடத்திற் கழற்றிய விலங்கு வேறோரிடத்தில் வேறு பெயருடன் பூட்டப்பட்டது.

ஆலைச் சட்டத்தின்படி, பெரும்பான்மையான நெசவு நூல் ஆலைகளில் 9 வயதுக்குட்பட்டோர்க்கு வேலை இல்லை. 9 முதல் 13 வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 9 மணிக்கும், வாரத்திற்கு 48 மணிக்கும் மேற்படாத வேலை. இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 13 முதல் 18 வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 12 மணி, வாரத்திற்கு 69 மணி. 18 வயதுக்குட்பட்டோர்க்கு இரவு வேலை கிடையாது. சிறுவர்க்குத் தினம் இரண்டு மணி நேரம் படிப்பு. பிறப்புப் பதிவு ஏற்படாத காலமாதலின், வைத்தியர் உடலைப் பார்த்து வயதைச் சான்று பகர்வார். எல்லாவற்றினும் மேலாக, எந்நேரமும் ஆலைக்குள் நுழைந்து விசாரிக்கும் அதிகாரத்துடன் 4 இன்ஸ்பெக்டர்கள் நியமிக்கப்பட்டனர். முந்திய சட்டங்களுக்கு இல்லாத கண்ணும் காதும் இச்சட்டத்திற்கு வாய்த்தன.

ஸாட்லர் கேட்ட 10 மணி நேரம் அப்போது கிடைக்கவில்லை. அவர் 1835-இல் மறைந்தார். அவர் ஏந்திய விளக்கை ஆஷ்லி பிரபு ஏந்தினார். 1840-இல் ஆஷ்லியின் தலைமையில் மற்றொரு கமிட்டி, சட்டம் எவ்வாறு நடைபெறுகிறது என்று ஆராய்ந்தது. 1844-இல் ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. கூல்சன் மகளின் விரலை அது திருப்பித் தரவில்லை; பிறர் பெண்களின் விரல்களைக் காத்தது. 1847-இல், தாமும் ஆலை முதலாளியாகிய ஜான் பீல்டனின் முயற்சியால், பெண்களுக்கும் இளைஞர்க்கும் 10 மணி நேரச் சட்டம் நிறைவேறிற்று. அதற்கு முந்திய வருஷம் அதே கொள்கையை ஆதரித்துச் சபையில் ஒரு சிறந்த பிரசங்கம் செய்தவர் யார் தெரியுமா? 1832-இல் ஸாட்லரைத் தோற்கடித்த மெக்காலேயே! உண்மை காலந்தாழ்த்து வந்தாலும், வந்து சேர்ந்தது.

சாட்சியைக் காக்கும் சட்டம்

சாட்சி சொன்னவன் வேலை இழக்கும் குறை என்ன ஆயிற்று? அதற்கு மேலும் அறுபது வருஷங்கள் செல்லவேண்டியிருந்தது. 1891-இல் ரெயில்வே ஊழியரின் வேலை நேரத்தைப் பற்றிக் காமன்ஸ் சபையின் செலெக்ட் கமிட்டி ஒன்று விசாரித்தது. கேம்பிரியன் ரெயில்வே கம்பெனியின் ஸ்டேஷன் மாஸ்டர் ஜான் ஹூட் அதில் சாட்சியம் அளித்தார். பின்னர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இம்முறை சபை அனுதாபத்தோடு நிற்கவில்லை. சாட்சியைத் தண்டிப்பது சபையையே அவமதிப்பதாகும் என்று கொண்டு, கம்பெனியின் நிர்வாகிகளை 1892 ஏப்ரலில் வரவழைத்து, சபாநாயகர் வாயிலாகக் கண்டித்தது. கண்டித்த சபாநாயகர் ஆர்தர் பீல், 1802-இல் முதல் ஆலைச் சட்டத்தைக் கொண்டுவந்த ஸர் ராபர்ட் பீலின் பேரன் என்பது வரலாற்றின் விநோதம்.

அவ்வருஷமே, பார்லிமெண்டுக் கமிட்டியிலோ அரச கமிஷனிலோ சாட்சி சொன்னதற்காக ஒருவனைத் தண்டிப்பதும், அவனுக்குத் தீங்கு செய்வதும் குற்றம் என்று சட்டம் இயற்றப்பட்டது. நஷ்டமடைந்த சாட்சிக்கு ஈடு கொடுக்கச் செய்யவும் கோர்ட்டிற்கு அதிகாரம் தரப்பட்டது. 1832-இல் ஸாட்லர் கேட்டு, சபை கொடுக்காதது இதுவேயன்றோ? 1893-இல் ரெயில்வே ஊழியர் வேலை நேரத்தைப் பற்றிய சட்டமும் வந்தது.

நமக்குள்ள பாடம்

இந்த முறை இங்கிலாந்தோடு நின்றதன்று. சிங்கப்பூர் நாடாளுமன்றமும் மலேசிய நாடாளுமன்றமும் அம்முறையையே தழுவி அமைந்தவை. 1961-இல் சிங்கப்பூரில் நிறைவேறிய, பலதார மணத்தைத் தடுத்த மாதர் சாசனத்தின் மசோதா செலெக்ட் கமிட்டியின் ஆராய்ச்சிக்கு உட்பட்டதே. மலேசியாவில் 2022-இல் கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தமும் விசேஷக் கமிட்டியின் கைபட்டுத் திருந்தியே நிறைவேறிற்று. இங்கிலாந்திலும் 2006-07 முதல், மசோதாக்களை ஆராயும் கமிட்டிகள் வெளியாரின் சாட்சியத்தைக் கேட்கும் வழக்கம் விரிவடைந்துள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, கமிட்டிக்கு மசோதா சென்றால் காரியம் முடிந்தது என்று மகிழ்தலும் கூடாது; கெட்டது என்று சோர்தலும் கூடாது. அதே கமிட்டி புதைகுழியும் ஆகலாம், விளைநிலமும் ஆகலாம். எதுவாகும் என்பது அங்கே சென்று பேசுவோரைப் பொறுத்தது. இரண்டாவது, நம் பக்கத்து நியாயம் எவ்வளவு பெரிதாயினும், எதிர்ப்பக்கத்தாரையும் விசாரிக்கச் செய்தல் வேண்டும். ஸாட்லரின் அறிக்கைக்கு வாய்த்த ஒரே பலவீனம், மறுபக்கம் கேட்கப்படாததே. உண்மைக்கு எதிர்க்கேள்வியால் அச்சமில்லை. மூன்றாவது, சாட்சிக்குப் பாதுகாப்பு இல்லாத விசாரணை விசாரணையாகாது.

புதிய மசோதாவைப் பற்றிப் பொதுமக்கள் கருத்தை எழுதியனுப்பலாம் என்று அறிவிப்பு வரும்போது, அது பெரியோர்க்கும் பட்டதாரிகளுக்கும் என்று நம்மவர் ஒதுங்கி நிற்கின்றனர். சங்கங்கள் ஆண்டு விழாவிற்கும் மாலை மரியாதைக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையேனும் இதற்குச் செலவிட்டால், எத்தனையோ தீமைகள் முளையிலேயே கிள்ளப்படும். ஆறு வயதில் ஆலைக்குச் சென்று, கூன் விழுந்து, ஏழைகள் விடுதியில் வாழ்ந்த ஒரு பெண் தன் அனுபவத்தை ஒளிக்காமல் உரைத்தாள். அவள் சொற்களை ஒரு சாம்ராஜ்யத்தின் பார்லிமெண்டால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. அவளுக்கு இருந்த கல்வியைவிட நமக்குக் கல்வி மிகுதி. அவளுக்கு இருந்த ஆபத்தைவிட நமக்கு ஆபத்துக் குறைவு. அப்படியிருக்க, நாம் வாய் மூடியிருப்பதற்குக் காரணம் யாது?